நீல சைக்கிளின் மஞ்சள் அட்டை

ஏப்ரல் முதல் தேதி காவலாளி பியோ, எட்டாம் பிளாக்கின் பக்கச்சுவரை ஒட்டி நின்ற நாற்பத்தாறு சைக்கிள்களின் கைப்பிடியிலும் ஒவ்வொரு மஞ்சள் அட்டையைக் கட்டினார். வருடா வருடம் நடப்பதுதான். 'இந்த சைக்கிளை ஓட்டுபவர் அட்டையை எடுத்துவிடவும். ஏப்ரல் 20-க்குப் பிறகும் அட்டை இருந்தால் உரிமையாளர் இல்லை என்று கருதி அகற்றப்படும்' என்று அதில் அச்சடித்திருந்தது.

முதல் இரண்டு நாளில் பாதி அட்டைகள் போய்விட்டன. ஒரு வாரத்தில் பன்னிரண்டு மிச்சம். அந்தப் பன்னிரண்டில் ஒன்றின் மேல்தான் 202-ஆம் வீட்டு நாரேயின் கண் இருந்தது. வானநீலத்தில் ஒரு பதினாறு அங்குலக் குழந்தை சைக்கிள். இரண்டு டயரிலும் காற்றில்லை. முன்கூடையில் போன வருடத்துக் கிங்கோ மரத்து இலைகள் கறுத்து மக்கிக் கிடந்தன. சங்கிலியில் துரு. ஆனால் உடம்பு வளையவில்லை, பிரேக் கம்பி அறவில்லை, ரப்பர் வெடிக்கவில்லை. துருவை எண்ணெய் பார்த்துக்கொள்ளும், காற்றைப் பியோவின் பம்பு பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள்.

மகள் தாவோனுக்கு ஆறு வயது. அவளுடைய மழலையர் பள்ளியில் ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை சைக்கிள் நாள். பிள்ளைகள் அவரவர் சைக்கிளைக் கொண்டுவந்து மைதானத்தில் வரைந்த சாலையில் ஓட்டுவார்கள். சைக்கிள் இல்லாத பிள்ளைகளுக்குப் போக்குவரத்து போலீஸ் வேலை. போன வருடம் தாவோன் சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் நின்றாள். இந்த வருடமும் போலீஸ் என்றால் அன்றைக்குக் காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். போதாததற்கு, தன் சைக்கிள் நீல நிறம் என்று வகுப்பில் அறிவித்தும் வைத்திருந்தாள்.

புதிது வாங்குகிற பேச்சே இல்லை. கணவனுக்கு வெளியூரில், பியோங்டேக்கில், கட்டட வேலை. வீட்டுக்கு வருவது மாதத்தில் இரண்டு நாள். நாரேக்கு ரயில் நிலையத்தருகே, கிம்பாப் என்ற சோற்றுச் சுருள் விற்கும் கடையில் வேலை. பழைய பொருள்கள் கைமாறும் செயலியில் 'இலவசம்' என்று குழந்தை சைக்கிள் ஏதாவது தலைகாட்டினால், அவள் கடைக் கையுறையைக் கழற்றுவதற்குள் 'முடிந்தது' என்று ஆகிவிடும்.

பியோவிடம் கேட்டுவைத்திருந்தாள்.

"அண்ணே, இருபதாந்தேதி வரைக்கும் அட்டை அப்படியே இருந்தா அந்த நீல சைக்கிளை நான் எடுத்துக்கலாமா?"

"சட்டப்படி எல்லாம் லாரிக்குத்தான் போகணும்மா. லாரி பத்து மணிக்கு வரும். ஒம்பதரைக்கு நான் காப்பி குடிக்க உள்ள போவேன்." பியோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "உள்ள போனா எனக்கு வெளிய நடக்கிறது தெரியாது."

அதிலிருந்து நாரேக்கு நிம்மதி போனது. காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் பள்ளி வேன் வரும்போதும் சைக்கிள் வரிசையைச் சுற்றிக்கொண்டு போனாள். அங்கே சிகரெட் பிடிக்க நிற்கும் கல்லூரிப் பையன் எதற்காகச் சரியாக அந்த சைக்கிளுக்குப் பக்கத்துக் கம்பத்தில் சாய்கிறான்? அட்டைப்பெட்டி பொறுக்கும் கிழவர் ஏன் வண்டியை அங்கே திருப்புகிறார்? இரண்டாம் வாரத் தொடக்கத்தில், மூன்றாம் மாடி ஹேரிமின் அம்மா அந்த நீல சைக்கிளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, தரையிலிருந்து சீட்டுக்கு எத்தனை சாண் என்று அளந்துகொண்டிருந்தாள். நாரேயைக் கண்டதும் எழுந்து, செருப்பு வாரைச் சரிசெய்ததுபோல நடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஹேரிமுக்கு நாலு வயதுதான். பதினாறு அங்குலம் அவளுக்குப் பெரிது. பெரிது என்று தெரிந்தும் எதற்கு அளக்கிறாள்?

ஒன்பதாம் தேதி மாலை வேனிலிருந்து மகளை இறக்கிக்கொண்டு, தபால்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, வரிசைப் பக்கம் போனபோது அட்டை இல்லை. டயரில் அதே காற்றின்மை, கூடையில் அதே இலைகள். அட்டையை மட்டும் காணோம். கைப்பிடியில் அறுந்த நூல் இரண்டு விரல் நீளத்துக்குத் தொங்கியது.

"அண்ணே, யாரு எடுத்தா?"

பியோ எட்டிப் பார்த்தார். "அட்டை இல்லேன்னா ஆள் இருக்குன்னு அர்த்தம். வந்து எடுத்திருப்பாங்க."

"காத்துகூட அடிக்கலயே. சொந்தக்காரங்க வந்தா ஒரு இலையாவது நகர்ந்திருக்காதா?"

"அதெல்லாம் நான் கேக்க முடியாதும்மா. அட்டை கட்டுறது என் வேலை. யாரு அவுத்தான்னு பாக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல. கேமரா அந்தப் பக்கம் பாக்காது, அது காருங்களுக்கு வச்சது."

"அப்ப யாரு வேணும்னாலும் கிழிச்சிட்டு என்னுதுன்னு சொல்லலாமா?"

"சொன்னா நான் நம்பித்தான் ஆகணும்."

அன்று வியாழக்கிழமை. மறுசுழற்சிக் குப்பை பிரிக்கும் மாலை. பிளாக்கில் எல்லாரும் கீழே இறங்குவார்கள். ஹேரிமின் அம்மா பால் டப்பாக்களைக் காலால் நசுக்கிக்கொண்டிருந்தாள். நாரே தன் பிளாஸ்டிக் பையை அவளுக்குப் பக்கத்துச் சாக்கில் கவிழ்த்தாள்.

"ஹேரிம் அம்மா, பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கப்போறீங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, அன்னிக்கு அளந்துகிட்டு இருந்தீங்களே."

"அளக்கிறதுக்கும் அட்டை கட்டியிருக்கா?" ஹேரிமின் அம்மா டப்பாவை விடவில்லை, ஓங்கி மிதித்தாள். "நீங்க தினம் ரெண்டு வேளை அந்த சைக்கிளைப் பிரதட்சிணம் பண்றீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

"நான் பாக்கத்தான் செஞ்சேன். அட்டையில கை வைக்கல."

"நான் வச்சேன்னு சொல்றீங்களா?"

"சொல்லல. கேட்டேன்."

"நீங்க கேட்ட கேள்வியில பதிலும் சேந்தே இருந்துச்சு, தாவோன் அம்மா. அந்த மூடியைக் கழட்டிட்டுப் போடுங்க. பாட்டில் தனி, மூடி தனி."

பக்கத்தில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். நாரே மூடியைக் கழற்றினாள். குற்றம் செய்யாதவள் இவ்வளவு தயாராகவா பதில் வைத்திருப்பாள் என்று படியேறும்போது நினைத்தாள்.

மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, தாவோன் எழுமுன் கீழே இறங்கி, ஒரு காரியம் செய்தாள். வரிசையின் கடைசியில் பின்சக்கரமே இல்லாத ஒரு பெரிய சைக்கிள் கிடந்தது. அதற்கு எவரும் வரப்போவதில்லை. அதன் அட்டையை அவிழ்த்து நீல சைக்கிளில் கட்டினாள். ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சாகப் போட்டாள். சொந்தக்காரர் இருந்தால் இன்னொரு தரம் எடுத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் அது இருந்த நிலைக்குத்தான் திரும்பியிருக்கிறது. தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

மூன்று முடிச்சை நம்பி அன்று மாலை வரிசைப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை காலை பார்த்தால் அந்த அட்டையும் இல்லை. இந்த முறை நூலோடு போயிருந்தது.

சனிக்கிழமைகளில் தாவோனைக் கடைக்கு அழைத்துப்போய், பின்னறை மேசையில் வண்ணப் பென்சிலோடு உட்காரவைப்பாள். அன்று முள்ளங்கி ஊறுகாயை நீளவாக்கில் நறுக்கும்போதும், சோற்றைப் பரப்பும்போதும், அவள் மனதில் ஒரே காட்சி ஓடியது: விரிந்த கட்டை விரல், சுண்டு விரல், சாண். பதினொன்றரை மணிக்கு, மதியக் கூட்டம் வருமுன், குடியிருப்போர் குரூப்பில் காலையில் எடுத்த படத்தைப் போட்டு எழுதினாள்.

'எட்டாம் பிளாக் நீல நிறக் குழந்தை சைக்கிளின் அட்டையை யாரோ இரண்டு முறை கிழித்திருக்கிறார்கள். உண்மையான சொந்தக்காரர் என்றால் சொல்லிவிடலாமே. இந்த வாரம் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒருவர் அந்த சைக்கிளை அளவெடுப்பதைப் பார்த்தேன். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. காவலாளி சிரமப்பட்டுக் கட்டியதை மதிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.'

அவர்கள் படிக்கட்டில் மூன்றாம் மாடிக்கு இரண்டே வீடுகள். 301-இல் இருப்பவர்கள் எண்பதைத் தாண்டிய கணவன் மனைவி; 302 ஹேரிம் வீடு. எழுதும்போது நாரேக்கு அது தெரியாமல் இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வந்தது. கையுறையைக் கழற்ற முடிந்தது ஒன்று இருபதுக்கு. அதற்குள் குரூப்பில் எல்லாம் முடிந்திருந்தது.

ஐந்தாம் மாடி, 501, மேங் அம்மாள் எழுதியிருந்தார்: 'அடடே! இது எங்க பையனோட பழைய சைக்கிள். போன வருஷமே காணாமப்போச்சுன்னு நெனச்சுட்டேன். அவன் இப்ப நடுநிலைப்பள்ளி, எனக்கும் அந்தப் பக்கம் போற வேலை இல்ல. படம் போட்டதுக்கு ரொம்ப நன்றி, தாவோன் அம்மா. யாருக்காவது உபயோகப்படும்னா எடுத்துக்கங்க.'

அதற்கு அடுத்த நிமிடத்தில்: 'நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நன்றி. 302.'

அதன் கீழே ஒன்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒருத்தி, 'மூன்றாம் மாடியே ஜெயிச்சிடுச்சு' என்று எழுதிச் சிரிக்கும் முகமும் வைத்திருந்தாள்.

நாரே இரண்டு தரம் படித்தாள். சொந்தக்காரிக்கே மறந்துபோன சைக்கிள். இன்னும் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்த சைக்கிள். படமெடுத்துப் போட்டு, ஊரைக் கூட்டி, கொடுத்துவிட்டாள். பின்னறையில் தாவோன் வரைந்துகொண்டிருந்தாள். மேசையில் நீலப் பென்சில்தான் எல்லாவற்றையும்விடக் குட்டையாகத் தேய்ந்திருந்தது.

அப்போதும் அவளுக்கு ஆறவில்லை. மேங் அம்மாள் அட்டையைத் தொடவே இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் கிழித்தது ஹேரிமின் அம்மாதான், எழுதியதில் தப்பில்லை. அன்று இரவு முழுவதும் இந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாவோன் பள்ளிக்குள்ளே மட்டும் போடும் துணிக் காலணிகளைத் துவைக்க எடுத்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும், திங்கட்கிழமை வெள்ளையாகத் திரும்பிப்போக வேண்டும். துணிப்பையைக் கவிழ்த்து உதறியதும் காலணிகளோடு இரண்டு மஞ்சள் அட்டைகள் பால்கனித் தரையில் விழுந்தன. ஒன்றில் நூல் இருந்தது. மூன்று முடிச்சு.

"தாவோன்! இங்க வா."

குழந்தை வந்து பார்த்தது. ஒளிக்கவில்லை, பெருமையாகவே நின்றது.

"இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"நான்தான் எடுத்தேன். நீ தபால் பாக்கும்போது."

"எதுக்குடீ?"

"நீதானே வாட்ச்மேன் மாமாகிட்ட பேசின. மஞ்சள் அட்டை இருக்கிற சைக்கிளை லாரி தூக்கிட்டுப் போயிடும்னு." தாவோன் பல்லைக் கடித்துக் காட்டினாள். "ரெண்டாவது ரொம்ப இறுக்கமா இருந்துச்சும்மா. பல்லால கடிச்சேன். யாரோ கெட்டவங்க கட்டியிருந்தாங்க."

நாரே ஈரக் கையோடு உட்கார்ந்தாள். யாரைத் திட்டுவது என்று தெளிவாக இல்லை.

கீழே இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. பால்கனிக் கம்பி வழியாகப் பார்த்தாள். கார்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தில் ஹேரிமின் அம்மா நீல சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தாள். டயர்கள் உப்பியிருந்தன. கூடையைக் காணோம். வலது மிதி கழன்று தரையில் கிடந்தது. இடது மிதியில் பியோவின் ஸ்பேனரை மாட்டி, காலைத் தூணில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். முகம் சிவந்துவிட்டது. சின்னவள் ஹேரிம் தலைக்கவசத்தோடு தரையில் உட்கார்ந்து மிட்டாய் தின்றாள்.

என்ன செய்கிறாள் என்று நாரேக்குப் பார்த்ததுமே புரிந்தது. இரண்டு வாரமாக அவளும் அதே காணொளிகளைத்தான் பார்த்திருந்தாள். மிதிகளைக் கழற்றி, சீட்டை அடிவரை இறக்கிவிட்டால், மிதியில்லாத சைக்கிள் என்று கடையில் தனியாக விற்பது வீட்டிலேயே வந்துவிடும். பிள்ளை இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போகும். சமநிலை பழகியதும் மிதியை மாட்டினால் போதும், பக்கச் சக்கரமே வேண்டாம். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்: இடது மிதியின் மரை தலைகீழ். வழக்கமான பக்கம் திருப்பினால் இறுகும்.

ஹேரிமின் அம்மா வழக்கமான பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் நாரே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தால் மரை தேய்ந்துவிடும்; சைக்கிள் யாருக்கும் ஆகாமல் போகும். அந்த எண்ணம் வந்தபோது உள்ளே எங்கோ ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. அதைக் கண்டுபிடித்ததும்தான் அவளுக்கு வெட்கம் வந்தது.

"எதிர்ப்பக்கம் திருப்புங்க!"

ஹேரிமின் அம்மா நிமிர்ந்தாள். "என்னது?"

"அந்தப் பக்கம் திருப்பினா இறுகத்தான் செய்யும். இடது மிதிக்கு மரை மாத்தி இருக்கும்."

"மாடியில நின்னு கத்துறதுக்கு குரூப்புலயே எழுதியிருக்கலாமே. இன்னும் நாலு பேர் படிப்பாங்க."

நாரே இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, தாவோனின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ஹேரிமின் அம்மா ஸ்பேனரை நீட்டவில்லை. "இப்ப எதுக்கு ஒதவ வந்தீங்க? மிதி ஒடைஞ்சா என்மேல எழுதறதுக்கா?"

நாரே அட்டைகளை நீட்டினாள். ஹேரிமின் அம்மா அவற்றைப் பார்த்தாள், மூன்று முடிச்சைப் பார்த்தாள், பிறகு தாவோனைப் பார்த்தாள். தாவோன் அம்மாவின் பின்னால் போனாள்.

"இவளா?"

"லாரி தூக்கிட்டுப் போயிடும்னு. ரெண்டாவது அட்டையை நான் கட்டினேன்."

"நீங்க கட்டினீங்க, உங்க பொண்ணு அவுத்தா." ஹேரிமின் அம்மா ஸ்பேனரைத் தோளில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை. "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நீங்களே கிழிச்சிட்டு, ஆள் கேட்டா காட்ட என்னைப் பிடிச்சுவச்சிருக்கீங்கன்னு. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். 301 தாத்தா நேத்து படியில என்னை நிறுத்தி, 'நீ நல்ல பொண்ணாச்சே'ன்னு சொல்றார். அந்தக் கிழவருக்கு குரூப் பாக்கவே தெரியாது. யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க."

"எழுதினதை அழிச்சிடறேன்."

"அழிச்சா? படிச்சவங்க கண்ணுல இருந்து அழியுமா? வேணாம். அது அங்கயே இருக்கட்டும். அதுக்குக் கீழ எழுதுங்க. இப்ப, இங்க நின்னு."

நாரே செல்பேசியை எடுத்தாள். ஹேரிமின் அம்மா பக்கத்தில் வந்து, தோளுக்கு மேலாகப் படித்தாள். 'நீல சைக்கிள் விஷயத்தில் தவறு என்னுடையது. அட்டைகளைக் கிழித்தது என் மகள் தாவோன்' என்று நாரே அடித்திருந்தாள்.

"புள்ள பேரைப் போடாதீங்க."

"உண்மை அதுதானே."

"நாளைக்கு வேன் நிக்கிற இடத்துல பத்து அம்மாக்கள் நிப்பாங்க. ஆறு வயசுப் புள்ளையைப் பாத்து, இதான் அட்டை கிழிச்ச பொண்ணுன்னு சொல்வாங்க. 'எங்கள் வீட்டில்'னு போடுங்க."

நாரேயின் விரல் நின்றது. எங்கள் வீட்டில் என்றால், வீட்டில் இருப்பது இரண்டே பேர். கிழித்தது அவளே என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். தானே கிழித்துவிட்டு, அடுத்தவள்மேல் பழி போட்டவள். ஹேரிமின் அம்மாவுக்கும் அது தெரியும் என்பது அவள் பேசாமல் காத்திருந்த விதத்தில் தெரிந்தது.

பெயரை அழித்தாள். 'அட்டைகள் எங்கள் வீட்டில்தான் இருந்தன. 302-க்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர்களைச் சந்தேகித்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். 202.' அனுப்பிவிட்டாள்.

ஹேரிமின் அம்மா ஸ்பேனரைக் கொடுத்தாள்.

மிதி ஒரே இழுப்பில் இளகியது. சீட்டை அடிவரை இறக்கினார்கள். ஹேரிமை உட்காரவைத்தால் கால் நுனிதான் தரையைத் தொட்டது. நாலடி போவதற்குள் அழுதுவிட்டாள்.

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்," என்றாள் ஹேரிமின் அம்மா, யாரிடமோ சொல்வதுபோல. "சாண் கணக்குல சரியாத்தான் வந்துச்சு. இவ காலு என் கணக்குல இல்ல."

நாரே கேட்கவேண்டியதைக் கேட்டாள். கேட்க அவளுக்கு முகமில்லை; கேட்காமல் இருக்க நாளில்லை. சைக்கிள் நாளைப் பற்றிச் சொன்னாள், சிவப்புப் பலகையைப் பற்றிச் சொன்னாள்.

ஹேரிமின் அம்மா கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள்.

"சாயங்காலம் அஞ்சிலேருந்து ஆறு வரைக்கும். நான் கீழ நிப்பேன், நான் இல்லாம வேணாம். அந்த வியாழக்கிழமை எட்டரைக்கு எடுத்துக்கங்க, பள்ளி விட்டதும் இங்க வந்துடணும். அப்புறம் அடுத்த வருஷம் ஹேரிமுக்கு நீங்கதான் பின்னாடி ஓடணும். எனக்கு முட்டி வலி."

"சரி."

"இருங்க." ஹேரிமின் அம்மா சைக்கிளின் நான்கு பக்கமும் படமெடுத்தாள். சங்கிலிக் காப்பில் ஏற்கெனவே இருந்த கீறலை மட்டும் கிட்டத்தில் போய்த் தனியாக எடுத்தாள். "தப்பா நெனைக்காதீங்க."

"நெனச்சாலும் சொல்ல மாட்டேன்."

தாவோன் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. குப்பைக் கொட்டகையிலிருந்து கார்கள் நிற்கும் இடம் வரை லேசான சரிவு. ஹேரிமின் தலைக்கவசம் அவளுக்குச் சிறியது. வாரைக் கடைசித் துளைவரை தளர்த்தி மாட்டினார்கள். தாவோன் உந்தினாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடி உந்தினாள்.

நாரேயின் கையில் செல்பேசி அதிர்ந்தது. யாரும் பதில் எழுதியிருக்கவில்லை. பியோ மட்டும் 'குறித்துக்கொண்டேன்' என்று போட்டிருந்தார். அவள் செய்திக்குப் பக்கத்தில், இன்னும் படிக்காதவர்களின் எண்ணிக்கை சிறிய எழுத்தில் தெரிந்தது. முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தேழாயிற்று. எட்டாம் பிளாக்கின் ஜன்னல்களைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்தாள். நான்காம் மாடியில் ஒரு திரை அசைந்தது. இருபத்துநான்கு.

"தாவோன் அம்மா," என்றாள் ஹேரிமின் அம்மா, "போனை உள்ள வைங்க. புள்ள ரெண்டு காலையும் தூக்கிட்டா. காருக்கு நேராப் போறா, ஓடுங்க!"

நாரே ஓடினாள்.